பெற்றோல்மானியும் அதன் பிழைகளும்

குருநாகலிலிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் ஏ-6 நெடுஞ்சாலையில், மாத்தளை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில் அமைந்துள்ளது கலேவெல. தெங்குத் தோட்டங்கள் படிப்படியாகக் குறைய, வறண்ட வலயத்தின் குளங்களும் காடுகளும் தலைப்படும் எல்லையிலே அவ்வூர் இருக்கின்றது. மேலும் வடகிழக்கே செல்லக் கருதும் வண்டியோட்டி, இத்தகைய ஓரூரில் நின்றே தன் பெற்றோலைப் பற்றி முடிவு செய்தல் வேண்டும். ஏனெனில், ஹபரணைக்கு அப்பால் கந்தளாய் நோக்கிச் செல்லும் காட்டுவழி, யானைகள் சாலையைக் குறுக்கிடும் வழியாகும். அந்தி மயங்கிய பின்னர் அங்கே வண்டி நின்றுபோதல் விளையாட்டன்று. முடிவு செய்தற்கு அவனுக்குள்ள சான்றோ, கண்முன்னே ஒரு முகப்பில் அசையும் சிறு சுட்டி ஒன்றே. வண்டி அறுபது ஆண்டு கடந்த மொறிஸ் மைனராயின், அச்சான்று மெய் பேசுகின்றதா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையத்தைத் தீர்க்கும் வழி ஈண்டு ஆராயப்படுகின்றது.

அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பாகிய மொறிஸ் மைனர், 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்டது. 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்குக் குறையாத வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுட் பல இலங்கைக்கு வந்தன. வந்தவை எளிதில் மறையவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் புதிய கார்களின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த வண்டியைப் பேணி ஓட்டுதலன்றி மக்களுக்கு வேறு வழி பெரிதும் இருக்கவில்லை. அந்தக் கட்டாயம் ஒரு தொழிற்றிறமையை வளர்த்தது. பிற்காலத்தில், இங்கிலாந்திலுள்ள மைனர் வண்டிகளைப் புதுப்பிப்பதற்கான பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு அங்கு அனுப்பப்பட்டன என்பது அத்திறமைக்குப் போதிய சான்று. 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்ட வண்டி இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

அதே காலத்தில் வந்த மற்றொரு நெருக்கடி, பெற்றோல்மானியின் அருமையை யாவருக்கும் உணர்த்திற்று. 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசைகளில் நின்றனர். அவ்வாண்டின் நடுப்பகுதியிற் புகுத்தப்பட்ட பங்கீட்டு முறையின்படி, காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றரே முதலில் அளிக்கப்பட்டது. தாங்கியில் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது அந்நாட்களில் மருத்துவமனைக்குச் செல்ல முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று. மானி பழுதாகிக் கிடந்த பழைய வண்டிகளின் உடைமையாளர், நெடுநாள் பொருட்படுத்தாது விட்ட அச்சிறு கருவியை அப்போது நினைந்திருத்தல் கூடும்.

நிற்க. மோட்டார் வண்டிக்கு இத்தகைய மானி தொடக்கத்திலேயே அமைந்ததன்று. போர்ட் மொடல் ரீ வண்டியில், ஆசனத்தின் கீழிருந்த தாங்கியினுட் கோலொன்றைச் செலுத்தி நனைந்த அளவைப் பார்ப்பதே வழக்கம். இலங்கையிலும் நன்கு அறியப்பட்ட வொக்ஸ்வாகன் வண்டிகளில் 1960களின் தொடக்கம் வரை பெற்றோல்மானியே இல்லை. இயந்திரம் தடுமாறத் தொடங்கியதும் காலினால் ஒரு குழாய்த் திருகியைத் திருப்பினால், ஒதுக்கி வைத்த சிறிதளவு பெற்றோல் இறங்கும். மானி உள்ள வண்டியிலும் அஃது இல்லாத வண்டியே பாதுகாப்பானது என்று கூறத் தோன்றும் ஒரு நிலை உண்டு. மானி பொய் கூறும் நிலையே அது. இல்லாத மானியை எவரும் நம்புவதில்லை.

மைனரின் பெற்றோற்றாங்கி வண்டியின் பின்புறத்தில், பொருட்பெட்டித் தளத்தின் கீழே கிடக்கும் தட்டையான தகரப் பாத்திரம். பிந்திய 'மைனர் 1000' வகையில் அதன் கொள்ளளவு 6½ கலன், அதாவது ஏறத்தாழ 29½ லீற்றர். தாங்கியின் மேற்புறத்திற் பொருத்திய ஓர் அலகிலிருந்து மெல்லிய புயமொன்று உள்ளே நீண்டிருக்கும். புயத்தின் நுனியில் மிதவை இருக்கும். பெற்றோல் ஏற மிதவை ஏறும், இறங்க இறங்கும். புயத்தின் மறுமுனையிலுள்ள சிறு தொடுகை, சுற்றப்பட்ட தடைக்கம்பியின்மீது வழுக்கிச் செல்லும். இவ்வாறு மட்டத்தின் மாற்றம் மின்தடையின் மாற்றமாக மொழிபெயர்க்கப்படுகின்றது. அத்தடையை ஒரே ஒரு கம்பி, ஓட்டுநரின் முன்னேயுள்ள மானிக்குத் தெரிவிக்கின்றது. திரும்பி வருவதற்கு இரண்டாவது கம்பி இல்லை; வண்டியின் இரும்புடலே திரும்பும் வழி. திருத்துநர் 'ஏர்த்' என வழங்கும் இவ்வுடலிணைப்பை வாசகர் நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் வரும் பிழைகளிற் பெரும்பாலானவை இதன் வழியே நுழைவன.

மட்டம் என்பதும் அளவு என்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கருதல் வேண்டும். கலேவெலவை அடுத்துள்ள தேவஹுவக் குளத்தையோ, சற்று அப்பாலுள்ள, தாதுசேனன் கட்டுவித்த கலாவெவவையோ அறிந்தோர்க்கு இது புதிதன்று. குளத்தின் அளவுகோல் பாதி ஆழத்தைக் காட்டும்போது குளத்திலே பாதி நீர் இருப்பதில்லை. கரை சரிந்து அடி குறுகுவதால், எஞ்சிய நீர் பாதியினும் மிகக் குறைவாகவே இருக்கும். வண்டியின் தாங்கி அத்துணைச் சரிவுடையதன்றெனினும், தட்டையான பாத்திரமாதலின் சிறிது சாய்ந்தாலும் மட்டம் வெகுவாக மாறும். மேட்டில் ஏறுகையிலும் வளைவில் திரும்புகையிலும் சுட்டி அலைவதைக் கண்டு அதனைப் பழுதெனக் கொள்ளலாகாது. சமதரையில் நின்ற வண்டியின் சுட்டியே சாட்சியாதற்குரியது.

இனி மானியை நோக்கின், பழைய பிரித்தானிய வண்டிகளில் இருவேறு வகைகள் உள. இரண்டும் முகப்பளவில் ஒன்றே போலத் தோன்றும். உள்ளே ஒன்றற்கொன்று நேர்மாறானவை. இவ்வேறுபாட்டை அறியாமையே திருத்தும் முயற்சிகள் பல வழிதவறுதற்குக் காரணம்.

முந்திய வகையில் இரண்டு கம்பிச்சுருள்கள் ஒன்றுக்கொன்று சாய்வாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றிடையே சிறு இரும்புத் துண்டோடு கூடிய சுட்டி சுழலும். ஒரு சுருள் சுட்டியை வெறுமை நோக்கியும் மற்றது நிறைவு நோக்கியும் இழுக்கும். மின்னோட்டம் முதற் சுருளைக் கடந்தபின், இரண்டாஞ் சுருள் வழியாகவும் தாங்கியலகு வழியாகவும் பிரிந்து உடலை அடையும். தாங்கி வெறுமையாயின் அலகின் தடை ஏறக்குறைய இல்லை. ஆகவே மின்னோட்டம் அவ்வெளிய வழியே போய்விடும். இரண்டாஞ் சுருள் வலுவிழக்க, சுட்டி வெறுமையிற் கிடக்கும். தாங்கி நிறையும்போது அலகின் தடை 70 அல்லது 90 ஓம் வரை உயரும். மின்னோட்டம் இரண்டாஞ் சுருளுக்குத் திரும்பச் சுட்டி நிறைவை நோக்கி எழும். இவ்வமைப்பின் அழகு யாதெனின், பற்றரியின் வலு கூடினும் குறையினும் காட்டும் அளவு பெரிதும் மாறுவதில்லை. புத்தாண்டு விளையாட்டிற் கயிறிழுப்போர் இரு பக்கத்தாரும் ஒரே அளவிற் களைப்புற்றாற் கயிற்றின் நடுமுடிச்சு இருந்த இடத்திலேயே இருப்பது போல்வது இது.

பிந்திய வகை 1960களின் நடுப்பகுதியிற் பரவலாயிற்று. இங்கே சுருளின் காந்தவலு இல்லை. வெப்பமே தொழில் செய்கின்றது. இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சட்டம் சூடேறினால் வளையும் என்பதைப் பாடசாலை ஆய்வுகூடத்திற் கண்டோர் பலர். அத்தகைய சட்டமொன்றைச் சுற்றி நுண்கம்பி சுற்றப்பட்டிருக்கும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிகுந்தாற் சட்டம் மிகுதியாக வளைந்து சுட்டியை உயர்த்தும். ஆகவே இவ்வகைக்குரிய தாங்கியலகு தலைகீழானது: வெறுமையில் அதன் தடை 240 ஓம் அளவாக உயர்ந்தும், நிறைவில் 20, 30 ஓம் அளவாகத் தாழ்ந்தும் இருக்கும். பற்றரியின் அழுத்தம் மாறினால் வெப்பமும் மாறுமாதலால், சராசரி 10 வோல்ற்று அழுத்தத்தையே மானிக்கு அளிக்கும் அழுத்தநிலைப்படுத்தி என்னும் சிறு பெட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டது. இவ்வகையை இனங்காண்பது எளிது. ஆளியைத் திருப்பியதும் சுட்டி விரைந்து எழுந்து துடிக்குமாயின் முந்திய வகை. ஆறுதலாக, அரை நிமிடம் போல எடுத்து, மெல்ல மெல்ல உயருமாயின் பிந்திய வகை.

இவ்விரண்டின் வேறுபாட்டினால் விளைவது யாது? தாங்கிக்குச் செல்லும் கம்பி எங்கேனும் அறுந்ததெனக் கொள்க. பிந்திய வகையில் மின்னோட்டம் நிற்கும். சுட்டி வெறுமையில் விழும். ஓட்டுநர் அஞ்சி, வேண்டாத பெற்றோலை வாங்க முயல்வார், நட்டம் அவ்வளவே. முந்திய வகையிலோ மின்னோட்டம் முழுதும் இரண்டாஞ் சுருளிற் பாயும். சுட்டி நிறைவைக் கடந்து நிற்கும். தாங்கி வறண்டிருக்கையிலும் மானி நிறைவு என்று உறுதி கூறும். அறுதல் வேண்டியதுமில்லை, துருவேறுதலே போதும். கால் பங்கு பெற்றோல் உள்ளபோது முந்திய வகை அலகின் தடை 20 ஓம் என்றும், துருப்பிடித்த உடலிணைப்பு அதனுடன் மேலும் 15 ஓம் சேர்க்கின்றது என்றும் வைத்துக்கொண்டால், மானி அறிவது 35 ஓமையே. காட்டுவது பாதித் தாங்கிக்கு அணித்தான அளவை. ஒரே துரு, ஒரு வகையில் அச்சத்தையும் மற்றதிற் பொய்யான நம்பிக்கையையும் தருகின்றது. எனவே 1950களின் வண்டியை ஓட்டுவோர், வெறுமை காட்டும் மானியினும் நிறைவு காட்டும் மானியையே மிகுதியாக ஐயுறுதல் தகும். கலேவெலவில் நின்று வடக்கு நோக்கும் ஓட்டுநர்க்கு இஃது ஏட்டுச் சுரைக்காயன்று.

திருத்தும் முறைக்கு வருவோர், வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கைப் பொறிகளுக்கும் உரியதாகக் கொள்ளலாம். நோய் இன்னதென்றும் அது தோன்றிய இடம் இன்னதென்றும் அறிந்த பின்னரே மருந்து. பழைய வண்டிகளில் இவ்வொழுங்கை மீறுதல் இரட்டை நட்டம். நல்ல மானியைக் கழற்றி எறிந்து, ஒவ்வாத வேறொன்றைப் பொருத்தினால் மூலப்பாகமும் போயிற்று, பிழையும் தீரவில்லை.

முதற்கண், பிழை மானிக்கு மட்டும் உரியதா என்று பார்த்தல் வேண்டும். மைனரில் மானிக்கு மின் வழங்கும் பச்சை நிறக் கம்பி, தடுப்பு விளக்கு, திருப்பம் காட்டும் விளக்கு, மழைதுடைப்பான் என்பவற்றுக்கும் பொதுவான உருகியிலிருந்து வருவது. இவை யாவும் ஒருங்கே செயலற்றிருந்தால் தாங்கியைத் திறப்பதிற் பயனில்லை. உருகியையும் அதன் பிடிகளையும் துப்புரவு செய்தலே போதும். மானி மட்டும் செயலற்றிருந்தால், 12 வோல்ற்றுச் சோதனை விளக்கு ஒன்றை மானியின் 'பீ' எனக் குறித்த முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே தொடுத்து, மின் அவ்விடம் வரை வருகின்றதா என்று காணலாம். பிந்திய வகையில் இச்சோதனையை அழுத்தநிலைப்படுத்தியிற் செய்தல் வேண்டும். அதற்குள் வரும் மின்னில் விளக்கு இடையறாது எரியும். அதிலிருந்து வெளிவரும் மின்னில் விட்டுவிட்டு எரியும். அவ்வாறு எரிதலே நலத்தின் அறிகுறி. எண்காட்டும் புதிய அளவி கொண்டு அதனை அளப்போர், எண்கள் நிலைகொள்ளாது தாவுவதைக் கண்டு நல்ல நிலைப்படுத்தியைப் பழுதென்று தீர்த்துவிடுதல் உண்டு. வெளிவரும் விளக்கும் இடையறாது எரியின், நிலைப்படுத்தியின் பெட்டி உடலிணைப்பை இழந்திருத்தல் கூடும்; அப்போது முழு அழுத்தமும் மானியை அடைந்து, உள்ளதினும் மிகுதியான அளவைக் காட்டச் செய்யும்.

மின் வந்து சேர்ந்தும் மானி பொய் கூறுமாயின், முழுச் சங்கிலியையும் இரண்டாக வெட்டும் சோதனை ஒன்று உண்டு. தாங்கியலகிற் செருகிய கம்பியை, பச்சையிற் கருங்கோடு கொண்ட கம்பி அது, கழற்றி ஒன்றையும் தொடாது வைத்து, ஆளியைத் திருப்பி, சுட்டியைக் காண்க. பின்னர் ஆளியை மூடி, அக்கம்பியின் நுனியைத் தாங்கியிலிருந்து விலகியதோர் இடத்தில் வண்டியின் உடலோடு இறுகத் தொடுத்து, மீண்டும் ஆளியைத் திருப்பிக் காண்க. முந்திய வகையாயின், முதலில் நிறைவும் பின்னர் வெறுமையும் தோன்றுதல் வேண்டும். பிந்திய வகையாயின், முதலில் வெறுமையும் பின்னர் நிறைவும் தோன்றுதல் வேண்டும். இவ்வகையிற் சுட்டி உயர்ந்தவுடன் ஆளியை மூடிவிடுதல் முறை, நெடுநேரம் விடின் மானியின் நுண்கம்பி எரிந்துபோம். இவ்விரு நிலையிலும் சுட்டி தக்கவாறு பணிந்தால், மானியும் கம்பியும் குற்றமற்றவை. பிழை தாங்கியின் பக்கத்தது. பணியாவிடின், இதே சோதனையை மானியின் பின்னுள்ள 'ரீ' முனையிற் செய்க. அங்கே பணியுமாயின் இடையிலுள்ள கம்பியிற் பிழை. அங்கும் பணியாவிடின் மானியிலோ அதன் உடலிணைப்பிலோ பிழை. முந்திய வகையில் மானியின் உலோகக் கூடு உடலிணைப்பை இழந்தால், இரண்டாஞ் சுருளுக்குத் திரும்பும் வழி இல்லாது போக, தாங்கி நிறைந்திருந்தும் சுட்டி வெறுமையிலேயே கிடக்கும். கூட்டிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு தற்காலிகக் கம்பி தொடுத்தால் அஃது உடனே தெளிவாகும்.

சோதனையின் போது முந்திய வகை மானியைப் பிந்திய வகையெனக் கருதியோர்க்கு நேர்வது இவ்விடத்திற் கருதத்தக்கது. கம்பியை உடலோடு தொடுக்க, நலமான மானி வெறுமையைக் காட்டும்; அவர் நிறைவை எதிர்பார்த்தாராதலின் மானி கெட்டதென்று முடிவு செய்வார். சோதனை சரி, கருவியும் சரி, தீர்ப்பே பிழை.

பிழை தாங்கியின் பக்கத்தது எனத் தெரிந்த பின்னரும் தாங்கியலகைக் கழற்ற விரைதல் வேண்டா. அலகின் உலோக மூடியிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு கம்பியைத் தொடுத்து, ஆளியைத் திருப்பிச் சுட்டியைப் பார்த்தல் முதற்கடன். அலகுக்கும் தாங்கிக்கும் இடையே தக்கைத் தட்டு ஒன்று இருப்பதால், மின்தொடர்பு பெரும்பாலும் சிறு திருகாணிகளின் வழியாகவே நிகழ்கின்றது. தாங்கிக்கும் வண்டிக்கும் இடையே வர்ணம், துரு, பொசிவைத் தடுக்கும் பசை என்பன சேர்ந்திருக்கும். அண்மையில் வண்டிக்குப் புதுவர்ணம் தீட்டப்பட்டதன் பின்னர் மானி பிழைத்ததாயின், வர்ணத்தையே முதலில் ஐயுறுக. தற்காலிகக் கம்பியால் சுட்டி சீர்பெறுமாயின், திருகாணி ஒன்றன் தலையையும் உடலில் ஓரிடத்தையும் வெளிறத் தேய்த்து, நிலையான கம்பி ஒன்றை இட்டுவிடலாம். பெற்றோற்றாங்கியைத் திறவாமலே தீரும் பிழை இது.

அவ்வாறும் தீராதபோதே அலகைக் கழற்றுதல் தக்கது. அதற்குமுன் பெற்றோலின் இயல்பைச் சிறிது கருதுதல் வேண்டும். பெற்றோல் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. எனவே அது மேலெழுந்து போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 1½ பங்கு முதல் 7½ பங்கு வரை அவ்வாவி கலந்திருக்கும்போதே தீப்பற்றும். அதனிற் குறைந்தாலும் மிகுந்தாலும் பற்றாது. பெற்றோற்றாங்கியினுள்ளே மின்தொடுகை வழுக்கிக்கொண்டிருப்பது எவ்வாறு ஆபத்தாகவில்லை என வியப்போர் உண்டு. மூடிய தாங்கியில் ஆவி அவ்வெல்லைக்கு மேல் அடர்ந்திருப்பதும், அங்கே ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிதாயிருப்பதும் அதற்குக் காரணங்கள். தாங்கியைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும் முதற் காரணம் அழிந்துவிடுகின்றது. நிறைந்த தாங்கியினும் வெறுந்தாங்கி கொடியது என்று தொழிலறிந்தோர் கூறுவது இதனாலேயே. ஆகவே இவ்வேலை திறந்த வெளியில், பற்றரியின் தொடர்பை நீக்கி, அடுப்பும் சுருட்டும் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்க, பகலொளியிலேயே செய்தற்குரியது.

கழற்றிய அலகைத் துடைத்து உலர்த்தி, அளவியின் ஒரு நுனியை அதன் முனையிலும் மறு நுனியை மூடியிலும் தொட்டு, புயத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் தடை இடையறாது ஏறி இறங்குதல் வேண்டும். இடையில் எங்கேனும் தொடர்பு அறுமாயின் அவ்விடத்திலே தடைக்கம்பி தேய்ந்துள்ளது. பெரும்பாலும் அது பாதிக்குக் கீழான இடமாக இருக்கும். தாங்கியை நிரப்பாது சிறிது சிறிதாகப் பெற்றோல் வாங்கி ஓட்டுவோரின் வண்டியில் தொடுகை அவ்விடத்திலேயே நாள்தோறும் உராய்கின்றது. நெடுங்காலம் ஓடாது கிடந்த வண்டியில் தேய்வினும் பாசியும் துருவுமே மிகுதி; இவற்றை மென்மையாகத் துடைத்தாற் போதும். அரத்தாள் கொண்டு தேய்த்தல் மயிரிழை போன்ற கம்பியை அறுத்துவிடும்.

மிதவை தக்கையாலானதாயின் அதன்மீது பூசிய அரக்குப் பூச்சு உரிந்து, தக்கை பெற்றோலை உறிஞ்சிப் பாரமேறும். மதுசாரம் கலந்த பெற்றோலில் இப்பூச்சு விரைந்து கெடும். பெற்றோலில் நூற்றுக்கு 20 பங்கு எதனோல் கலக்கும் நிலையை இந்தியா 2025இல் எட்டியதாதலின், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் வண்டியிலிருந்து பிறந்த பழைய அம்பாசடர்களைப் பேணும் அந்நாட்டார்க்கு இது கவனிக்கற்பாலது. மிதவை பித்தளையாயின், பற்றாசிட்ட விளிம்பில் ஊசித்துளை விழுந்து உள்ளே பெற்றோல் புகும், மிதவை அமிழும். பிந்திய வகையிலும் முந்திய வகையிலும் இப்பிழை மட்டும் ஒரே திசையிற் பொய் கூறும், இருப்பதினும் குறைவாக. காதருகே குலுக்கினால் உள்ளே திரவம் அசைவது கேட்கும். அடுப்பிலிருந்து இறக்கி வேறிடத்துக்குக் கொணர்ந்த சுடுநீரில் அமிழ்த்தினாற் குமிழி எழும் இடமே துளை. உள்ளிருக்கும் பெற்றோலும் ஆவியாகி அவ்வழியே வெளியேறும். அஃது ஒரு துளியும் எஞ்சாது நீங்கிய பின்னரன்றிப் பற்றாசுக் கோலை அருகிற் கொண்டுவருதல் உயிரோடு விளையாடுதலாகும்.

பாகங்களைக் கலந்து பொருத்துவதால் விளையும் பிழை தனியே கூறற்குரியது. புதுப்பாகம் கிடைக்காத நாடுகளில் ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றில் இடுதல் தவிர்க்க இயலாதது. மைனரில் பெற்றோல்மானி வேகமானியின் முகப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். வேகமானி பழுதான பழைய வண்டிக்குப் பிந்திய வண்டியொன்றின் வேகமானியை இட்டால், கூடவே பிந்திய வகைப் பெற்றோல்மானியும் வந்துவிடும். தாங்கியிலிருப்பதோ முந்திய வகை அலகு. அவ்வலகு வெறுமையிற் குறைந்த தடையைத் தர, அம்மானி அதனை நிறைவென வாசிக்கும். பெற்றோல் ஊற்ற ஊற்றச் சுட்டி இறங்கும். மறுதலையாக, முந்திய மானியோடு பிந்திய அலகைச் சேர்ப்பினும் விளைவு இதுவே: வெறுமையில் நிறைவு, நிறைவிற் குறைவு. இவ்விந்தையைக் கண்டவுடன் மானி, அலகு, கம்பி யாவும் நலமாகவே உள்ளன என்றும், சேர்க்கையே பிழை என்றும் துணியலாம். எந்த உறுப்பையும் திருத்தல் வேண்டா. இணையை ஒன்றுபடுத்தலே வேண்டுவது.

நேர்முனையை உடலோடு இணைத்து ஆலையிலிருந்து வந்த மைனரை, பிற்காலத்தவர் எதிர்முனை இணைப்புக்கு மாற்றியிருத்தலும் உண்டு. இதனால் மானி கெடுமோ என்னும் அச்சம் வேண்டியதில்லை. மின் எத்திசையிற் பாயினும் இரும்பு இழுக்கப்படும். எத்திசையிற் பாயினும் கம்பி சூடேறும். பழைய அழுத்தநிலைப்படுத்திக்குப் பதிலாகப் பொருத்தப்படும் மின்னணு நிலைப்படுத்தி மட்டுமே திசை பார்க்கும். அதனை வாங்குவோர் தம் வண்டியின் இணைப்பைக் கூறி வாங்குதல் தகும்.

திருத்திய மானியைச் சரிபார்த்தற்குப் பெற்றோல் நிலையத்தின் அளவியே சிறந்த துணை. 2022இன் பங்கீடு, கருதாமலே இத்தகைய சோதனை ஒன்றை நாடெங்கும் நடத்திற்று எனலாம். வறண்ட தாங்கியோடு வந்த 'மைனர் 1000' ஒன்று 20 லீற்றரைப் பெற்றால், நலமுள்ள மானி மூன்றில் இரு பங்கினைச் சற்றே கடந்து நிற்றல் வேண்டும். சோதனையை ஒழுங்காகச் செய்வோர், வடித்த தாங்கியுடன் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஐந்தைந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சுட்டி நிற்கும் இடத்தைச் சிறு அட்டையொன்றிற் குறித்துக்கொள்ளலாம். சுட்டி எங்கும் ஒரே அளவிற் பிசகுமாயின் மிதவைப் புயத்தை மிகச் சிறிது வளைத்துத் திருத்தலாம். இரு நுனியையும் ஒருங்கே சீராக்க இயலாதபோது வெறுமையின் நுனியைச் சீராக்கி, நிறைவின் நுனியை அதன் போக்கில் விடுக. நிறைந்த தாங்கி சிறிது குறைவாகக் காட்டினால் எவரும் வழியில் நிற்பதில்லை.

கலேவெலவிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 125 கிலோமீற்றர். நன்கு பேணிய மைனர் கலனுக்கு 35 மைலளவு, அதாவது லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஓடும். ஆதலின் அப்பயணத்துக்கு 10 லீற்றர் போல வேண்டும். அது தாங்கியின் மூன்றில் ஒரு பங்கு. சுட்டி பாதியைக் காட்டும்போது, அட்டையை வைத்திருப்பவர் அதனைப் பார்த்து 15 லீற்றர் உண்டென்று அறிந்து புறப்படலாம். அட்டை இல்லாதவர், துருப்பிடித்த உடலிணைப்பு இருக்குமாயின், ஏழு லீற்றரோடும் புறப்பட்டிருக்கலாம். அவ்வண்டி ஹபரணையைக் கடந்த பின்னரே நிற்கும்.